வர்க்கமூல வரைபுக்குச் சமன்பாடு: கையில எந்தப் புள்ளி இருந்தா எந்த வழியால போறது?

போன கிழமை ரெண்டு பிள்ளையள் ஒரே கணக்க செஞ்சு ரெண்டு விடையோட வந்து நிண்டாங்க. ஒருத்தர் கிண்ணியாவில இருந்து பஸ்ஸில வாற தங்கச்சி, மற்றவர் சாம்பல்தீவுத் தம்பி. திருகோணமலை உவர்மலையில எங்கட வீட்டு முன் விறாந்தையிலதான் கிளாஸ், பின்னேரம் நாலு மணிக்கும் கச்சான் காத்து அனலா வீசிக்கொண்டிருக்கு, ரெண்டு பேரும் கொப்பிய நீட்டிக்கொண்டு நிக்கிறாங்க. கணக்கு இதுதான்: ஒரு வர்க்கமூல சார்பின்ட வரைபு எக்ஸ் ≥ 0 க்குக் கீறிக் குடுத்திருக்கு, வளையி வை அச்சில (0, 2) இல வெளிக்கிட்டு (5, 3), (12, 4) ரெண்டுக்குள்ளாலயும் போகுது, சமன்பாட்டைக் காணுங்க.

தம்பி (0, 2) ஐத் தொடக்கப் புள்ளி எண்டு எடுத்து, (5, 3) ஐப் பிரதியிட்டு, வை = (1/√5)√எக்ஸ் + 2 எண்டு முடிச்சிருந்தார். தங்கச்சி மூண்டு புள்ளியையும் எடுத்து வர்க்கிச்சு, வை = √(எக்ஸ் + 4) எண்டு எழுதியிருந்தா. பிறகு கேட்ட கேள்விதான் இதை எழுத வச்சது: "டீச்சர், ரெண்டு வழியும் நீங்கதானே சொல்லித் தந்தீங்க, அப்ப எதை எப்ப பாவிக்கிறது?"

நியாயமான கேள்வி. நாங்க சொல்லிக் குடுக்கிறாக்கள் ஒவ்வொரு வழியையும் தனித்தனியாக் காட்டிட்டுப் போயிடுறம், எந்த இடத்தில எது ஏமாத்தும் எண்டு பக்கத்தில பக்கத்தில வச்சுக் காட்டுறது குறைவு. அதைத்தான் இங்க செய்யப் போறன்.

எழுதுற முறையை முதல்ல சொல்லிடுறன். பொதுவான வடிவம்:

வை = அ√(எக்ஸ் − க) + ச

(க, ச) தான் வளையி தொடங்குற இடம். 'அ' எவ்வளவு கெதியா ஏறுது எண்டதைச் சொல்லும், மைனஸா இருந்தா வளையி கீழ இறங்கும். வளையி இடப்பக்கமாப் போனா உள்ளுக்கு √(க − எக்ஸ்) எண்டு வரும். கன பேர் உள்ளுக்கும் ஒரு குணகம், வெளியிலயும் ஒரு குணகம் போட்டு நாலு மாறிலி தேடிக் கஷ்டப்படுறாங்க, அது தேவையில்ல, 2√எக்ஸ் எண்டாலும் √(4எக்ஸ்) எண்டாலும் ஒரே வளையிதான். தேட வேண்டியது மூண்டே மூண்டு: அ, க, ச.

## வழியைத் தெரியிறதுக்கு முதல் பார்க்க வேண்டியது

முதலாவது, தொடக்கப் புள்ளி உண்மையில தெரியுமா, இல்ல படத்தில அப்பிடித் தெரியுதா. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாலே பாதி வேலை முடிஞ்சுது.

ரெண்டாவது, புள்ளியள் எப்பிடிக் கிடைச்சது. கேள்வியில எழுதிக் குடுத்த புள்ளியா, கட்டத்தாளில கண்ணால வாசிச்சதா, ஆய்வுகூடத்தில அளந்து எடுத்ததா. எழுதிக் குடுத்தது துல்லியம், வாசிச்சதில அரைக் கட்டம் பிழைக்கலாம், அளந்ததில கட்டாயம் பிழை இருக்கும்.

மூண்டாவது, எத்தனை தகவல் கையில இருக்கு. தெரியாதது மூண்டு, அப்ப மூண்டு தகவல் வேணும். தொடக்கப் புள்ளி ஒண்டே ரெண்டு தகவல், ஏனெண்டா கவும் சவும் சேர்ந்து வருது. ஆட்சி (எக்ஸ் எடுக்கக் கூடிய பெறுமானங்கள்) குடுத்திருந்தா ஒரு தகவல், வீச்சு (வை எடுக்கிற பெறுமானங்கள்) குடுத்திருந்தா இன்னொண்டு. சும்மா ஒரு புள்ளி எண்டா ஒரு தகவல்தான்.

நாலாவது, கல்குலேட்டர் இருக்கா. எங்கட ஏ எல் கணக்குச் சோதனையில விட மாட்டாங்க, லண்டன் சிலபஸ் செய்யிற பிள்ளையளுக்கு விடுவாங்க. √7, √13 எல்லாம் வந்து விழுற வழி ஒருத்தருக்கு ஒண்டுமில்ல, மற்றவருக்கு அஞ்சு நிமிசம்.

கடைசியா, பிழை விட்டா அது தானாத் தெரிய வருமா. என்னைக் கேட்டா இதுதான் எல்லாத்தையும் விடப் பெருசு. சில வழியில பிழை விட்டாலும் விடை நல்ல வடிவா வந்து நிக்கும், நாங்களும் நம்பிட்டுப் போயிடுவம்.

## தொடக்கப் புள்ளியும் இன்னொரு புள்ளியும்

எல்லாருக்கும் பிடிச்ச வழி இதுதான், நானும் முதல்ல சொல்லிக் குடுக்கிறது இதைத்தான். வளையி (−3, 1) இல தொடங்கி (6, 7) க்குள்ளால போகுது எண்டா, வை = அ√(எக்ஸ் + 3) + 1. (6, 7) ஐப் போட்டா 7 = அ × 3 + 1, அ = 2. முடிஞ்சுது. ரெண்டு வரி.

கட்டத்தாளில இருந்தா இதை இன்னும் கெதியாச் செய்யலாம். தொடக்கத்தில இருந்து வலப்பக்கம் 1 போனா உயரம் 'அ' அளவு ஏறும், 4 போனா 2அ, 9 போனா 3அ. மேல உள்ள வளையியில (−3, 1) இல நிண்டு ஒண்டு தள்ளினா (−2, 3), நாலு தள்ளினா (1, 5), ஒன்பது தள்ளினா (6, 7). முதல் அடியிலயே 2 ஏறினது தெரியுது. இந்த 1, 4, 9 அடி இன்னொரு வேலைக்கும் உதவும்: இது உண்மையில வர்க்கமூல வளையிதானா எண்டு பார்க்க. மடக்கை வளையியும் தூரத்தில நிண்டு பார்த்தா இதே மாதிரி முதல்ல கெதியா ஏறிப் பிறகு ஆறுதலாப் போகும், ஆனா நாலு மடங்கு தூரத்துக்கு ரெண்டு மடங்கு உயரம் எண்ட கணக்கு அதில நிக்காது. ஒரு கவனம், கட்டங்களை எண்ணாதீங்க, அச்சில எழுதியிருக்கிற இலக்கத்தை வாசியுங்க. எக்ஸ் அச்சில ஒரு கட்டம் 5 ஆவும் வை அச்சில ஒரு கட்டம் 1 ஆவும் இருந்தா எண்ணினது எல்லாம் வீண்.

இனி இந்த வழியின்ட மறைஞ்ச செலவுக்கு வாறன், தம்பி மாட்டினது இதிலதான். வளையி படத்தில எங்க தொடங்குதோ அதுதான் தொடக்கப் புள்ளி எண்டு இல்ல. கேள்வியில எக்ஸ் ≥ 0 க்கு மட்டும் கீறியிருப்பாங்க, இல்லாட்டிப் படத்தின்ட ஓரத்தில வெட்டுப்பட்டிருக்கும். தம்பியின்ட சமன்பாட்டில எக்ஸ் = 12 ஐப் போட்டுப் பாருங்க, வை = 2 + √(12/5), கிட்டத்தட்ட 3.55. படத்தில இருக்கிறது 4. மூண்டாவது புள்ளி கையிலயே இருந்தது, ஒருக்காப் போட்டுப் பார்த்திருந்தா அந்த இடத்திலயே பிடிபட்டிருக்கும்.

போட்டுப் பார்க்க வேற புள்ளி இல்லாட்டி என்ன செய்யிறது? வளையி வெளிக்கிடுற இடத்தை உத்துப் பாருங்க. உண்மையான தொடக்கத்தில வர்க்கமூல வளையி செங்குத்தா எழும்பும், அந்த இடத்துத் தொடலி வை அச்சுக்குச் சமாந்தரம். (0, 2) இல அப்பிடி இல்ல. வை = √(எக்ஸ் + 4) க்கு அந்த இடத்தில படித்திறன் 1/4 தான், அதாவது வளையி ஏற்கனவே நல்லாச் சரிஞ்சு படுக்கத் தொடங்கிட்டு. நிமிர்ந்து நிக்காத இடத்தில தொடங்கினா அது வெட்டுப்பட்ட வளையி.

அப்ப எப்ப இந்த வழி நல்லம்? தொடக்கப் புள்ளி கேள்வியிலயே எழுதியிருந்தா, இல்லாட்டி வளையி நிமிர்ந்து எழும்புறது வடிவாத் தெரிஞ்சா, கண்ணை மூடிக்கொண்டு இதாலயே போங்க, வேற ஒண்டும் தேவையில்ல.

இயற்கையில வாற கன சார்பில தொடக்கம் எங்களுக்குத் தானாவே தெரியும். கோணேசர் கோவிலுக்குப் போற வழியில சுவாமி மலையில நிண்டு கடலைப் பார்க்கிற நேரம், அடிவானம் எவ்வளவு தூரத்தில இருக்கு எண்டு யோசிச்சிருக்கிறீங்களா? காத்தில ஒளி வளையிறதை விட்டுட்டுப் பார்த்தா, கண் இருக்கிற உயரத்தை மீட்டரில எடுத்து வர்க்கமூலம் கண்டு 3.57 ஆல பெருக்கினா தூரம் கிலோமீட்டரில வரும். உயரம் பூச்சியம் எண்டா தூரமும் பூச்சியம், அப்ப கவும் சவும் பூச்சியம், ஒரே ஒரு புள்ளி காணும். 100 மீட்டர் உயரத்தில 35.7 கிமீ எண்டு ஒருத்தர் சொன்னா, அதை √100 ஆல பிரிச்சா 'அ' கையில. 25 மீட்டருக்கு இறங்கினா தூரம் பாதியாகும், காலாகாது, 17.85 கிமீ.

இன்னொண்டையும் சொல்ல வேணும், எங்கட ஊரில இதை ஒருத்தரும் வெறும் கணக்கா நினைக்க ஏலாது. 2004 டிசம்பர் 26 இல வந்த சுனாமி அலையின்ட வேகமும் வர்க்கமூலம்தான்: கடலின்ட ஆழத்தை 9.8 ஆல பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா செக்கனுக்கு எத்தனை மீட்டர் எண்டு வரும். 4000 மீட்டர் ஆழத்தில அது மணிக்கு 710 கிமீக்கு மேல, 10 மீட்டர் ஆழத்துக்கு வரேக்குள்ள மணிக்கு 36 கிமீ அளவு. வளையி தொடக்கத்தில நிமிர்ந்து நிக்குது எண்டு மேல சொன்னன் பாருங்க, அதுதான் இங்க கரைக்குக் கிட்ட நடக்குது, ஆழம் கொஞ்சம் குறையக் குறைய வேகம் சடாரெண்டு விழுது, பின்னால வாற தண்ணி முன்னால நிக்கிற தண்ணியில ஏறி அலை உயருது. ஆழமும் வேகமும் போட்ட அட்டவணையை நான் பிள்ளையளுக்குக் குடுத்தாக் கவனமாத்தான் குடுப்பன், கன வீட்டில அந்த நாளுக்குரிய படம் இன்னும் சுவரில இருக்கு.

## தொடக்கம் பாதி தெரிஞ்சா: ஆட்சி அல்லது வீச்சு

இதைத் தனி வழியா ஒருத்தரும் சொல்லிக் குடுக்கிறதில்ல, ஆனா சோதனையில இதுதான் ஒளிச்சு வச்சிருப்பாங்க. "ஆட்சி எக்ஸ் ≥ 2, வளையி (3, −1), (11, 5) ஊடாகச் செல்லும்" எண்டு ஒரு வரி. ஆட்சியில இருந்து க = 2. பிறகு அ × 1 + ச = −1, அ × 3 + ச = 5. கழிச்சா 2அ = 6, அ = 3, ச = −4. நேர்கோட்டுக் கணக்கு மாதிரி ரெண்டு ஒருங்கமை சமன்பாடு, வர்க்கிக்கிற வேலையே இல்ல.

வீச்சு குடுத்தா கொஞ்சம் கூட வேலை. வை ≥ −4 எண்டு தெரிஞ்சா ச = −4, அதே ரெண்டு புள்ளியில உயரம் 3, 9. வர்க்கிச்சுப் பிரிச்சா (11 − க)/(3 − க) = 9, அதில இருந்து க = 2. 'அ' தானா வெட்டுப்பட்டுப் போறது வடிவான விசயம்.

## தொடக்கம் தெரியாது, மூண்டு புள்ளி இருக்கு: வர்க்கிச்சுப் பார்க்கிறது

கிண்ணியாத் தங்கச்சி போன வழி. வை = அ√(எக்ஸ் − க) + ச ஐ வர்க்கிச்சா (வை − ச)² = அ²(எக்ஸ் − க). அதாவது சரிஞ்சு படுத்த பரவளைவு. அப்ப எக்ஸை வையின்ட இருபடியா எழுதலாம்: எக்ஸ் = ப·வை² + த·வை + ந. மூண்டு புள்ளியைப் போட்டா மூண்டு ஏகபரிமாணச் சமன்பாடு. ஓ எல்ல இருபடிச் சார்பு கீறி வர்க்க நிரப்பல் செஞ்ச பிள்ளைக்கு இதில புதுசா ஒண்டுமில்ல, எக்ஸும் வையும் இடம் மாறி நிக்குது, அவ்வளவுதான்.

மூண்டு சமன்பாட்டையும் எழுதித் தீர்க்கிறதுக்குப் பதிலா வித்தியாசம் எடுக்கிறது எனக்குப் பிடிச்ச முறை, கையால செய்யேக்குள்ள பிழை குறைவு. (3, −1), (6, 2), (11, 5) எண்ட மூண்டையும் எடுங்க. முதல் ரெண்டில எக்ஸ் 3 கூட வை 3 கூடுது, விகிதம் 1. அடுத்த ரெண்டில எக்ஸ் 5 கூட வை 3 கூடுது, விகிதம் 5/3. இந்த ரெண்டு விகிதத்தின்ட வித்தியாசம் 2/3, அதை முதல் வைக்கும் கடைசி வைக்கும் உள்ள தூரம் 6 ஆல பிரிச்சா 1/9. அதுதான் 'ப'. அப்ப அ² = 9. மிச்சத்தை எழுதினா:

எக்ஸ் = 3 + 1(வை + 1) + (1/9)(வை + 1)(வை − 2)

விரிச்சு வர்க்கம் நிரப்பினா எக்ஸ் = (1/9)(வை + 4)² + 2. க = 2, ச = −4, மூண்டு வையும் −4 க்கு மேல இருக்கிறதால அ = +3. வை = 3√(எக்ஸ் − 2) − 4.

'ப' மைனஸா வந்தா பயப்பட வேண்டாம், வளையி இடப்பக்கமாப் போகுது எண்டு அர்த்தம். (3, 1), (0, 3), (−5, 5) க்குச் செஞ்சு பாருங்க, ப = −1/4 வரும், எக்ஸ் = 4 − (1/4)(வை + 1)², அப்ப வை = 2√(4 − எக்ஸ்) − 1. 'ப' பூச்சியம் எண்டா மூண்டு புள்ளியும் ஒரே நேர்கோட்டில, வர்க்கமூல சார்பே இல்ல.

இப்ப செலவு. ரெண்டு இருக்கு, ரெண்டும் பெருசு.

ஒண்டு, வர்க்கிச்ச உடன வளையியின்ட கீழ்ப்பாதியும் சேர்ந்து வந்திடும். (1, −1), (4, 2), (9, 3) எண்ட மூண்டு புள்ளியையும் இந்த வழியில போட்டா எக்ஸ் = வை² எண்டு அவ்வளவு வடிவா வரும், எல்லாம் முழு எண், சந்தேகமே வராது. ஆனா வை = √எக்ஸ் இல எக்ஸ் = 1 ஐப் போட்டா +1, −1 இல்ல. முதல் புள்ளி கீழ்ப்பாதியில, மற்ற ரெண்டும் மேல்ப்பாதியில. இந்த மூண்டுக்குள்ளாலயும் போற வர்க்கமூல சார்பு எண்டு ஒண்டு கிடையவே கிடையாது. அதனால 'ச' கண்டுபிடிச்ச உடன மூண்டு வையும் அதுக்கு ஒரே பக்கத்தில இருக்கா எண்டு பாருங்க. பத்து செக்கன் வேலை, நான் கொப்பி திருத்தேக்குள்ள இந்த வரி இல்லாட்டி அரை மார்க்ஸ் வெட்டுறனான்.

மற்றது, இது துல்லியமான புள்ளியளுக்கு மட்டும் நல்ல வழி. மேல உள்ள (11, 5) ஐக் கட்டத்தாளில (11, 4.9) எண்டு வாசிச்சிட்டீங்க எண்டு வைங்க. 0.1 தான் பிழை. கணக்கு என்ன சொல்லும் தெரியுமா, அ 3 இல இருந்து 2.85 ஆகுது, ச −4 இல இருந்து −3.57 க்கு ஏறுது, க 2 இல இருந்து 2.19. ஒரு புள்ளியில 0.1 ஆட, தொடக்கம் 0.4 க்கு மேல ஆடுது. ஏனெண்டா நாங்க மூண்டு புள்ளியையும் வச்சு அதுகளுக்கு வெளியில இருக்கிற ஒரு இடத்தை ஊகிக்கிறம். புள்ளியள் கிட்டக் கிட்ட இருந்தா இன்னும் மோசம், கட்டத்தாளில இருந்து வாசிக்கிறதெண்டா தூரத் தூர இருக்கிற மூண்டை எடுங்க.

தங்கச்சியின்ட கணக்கில மூண்டும் குடுத்த புள்ளியள், வை 2, 3, 4, எக்ஸ் 0, 5, 12. விகிதம் 5, 7, வித்தியாசம் 2, தூரம் 2, ப = 1. எக்ஸ் = வை² − 4. அவ செஞ்சது சரி.

## அளந்து எடுத்த கன புள்ளி: நேர்கோடாக்கிறது

பௌதிகவியல் பிள்ளையள் எளிய ஊசல் பிரக்டிகல் செய்யேக்குள்ள இதைத்தான் செய்யிறாங்க, ஆனா இது கணக்கில படிச்ச அதே வர்க்கமூல சார்பு எண்டு கன பேருக்குத் தோணுறதில்ல. அலைவு காலம் நீளத்தின்ட வர்க்கமூலத்தோட போகுது. நேராக் கீறினா வளையி, காலத்தின்ட வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக் கீறினா நேர்கோடு. நேர்கோட்டைக் கண்ணாலயே மட்டம் பார்த்துக் கீறலாம், ஒரு புள்ளி விலகி நிண்டா உடன தெரியும், மூண்டு புள்ளி வழியில அது தெரியவே தெரியாது.

இப்பிடி ஒரு அட்டவணையை எடுங்க: நீளம் 0.24, 0.48, 0.63, 0.99 மீ, அலைவு காலம் 1.004, 1.405, 1.606, 2.007 செக்கன். ஒருத்தர் "நீளம் பூச்சியம் எண்டா காலமும் பூச்சியம்தானே" எண்டு முதல் வழியால போய் முதல் புள்ளியை மட்டும் எடுத்தா, அ² = 1.008/0.24 = 4.2, 4π² ஐ அதால பிரிச்சா ஈர்வை ஆர்முடுகல் 9.4 வரும். பிழை. வர்க்கங்களைக் கீறினா 1.008, 1.974, 2.579, 4.028, படித்திறன் 4.027, அதில இருந்து 9.8. கோடு உற்பத்திப் புள்ளி (0, 0) ஆல போகேல்ல, வை அச்சை 0.04 இல வெட்டுது, பின்னுக்கு நீட்டினா எக்ஸ் அச்சை −0.01 இல வெட்டுது. அந்த −0.01 தான் எங்கட 'க'. என்ன நடந்திருக்கு எண்டா, நூலை மட்டும் அளந்திட்டு குண்டின்ட ஆரையை, 1 செமீ, சேர்க்க மறந்திட்டாங்க. அளந்தவர் மறந்ததைக் கோடு சொல்லிக் குடுக்குது, நான் இந்த வழியை இவ்வளவு விரும்புறதுக்குக் காரணமே இதுதான்.

ஆனா ஒரு கட்டுப்பாடு இருக்கு. ச = 0 எண்டு தெரிஞ்சாத்தான் வையை வர்க்கிச்சு எக்ஸுக்கு எதிராக் கீறலாம், படித்திறன் அ², எக்ஸ் வெட்டுத்துண்டு க. க = 0 எண்டு தெரிஞ்சா மற்றப் பக்கம், வையை √எக்ஸுக்கு எதிராக் கீறலாம், படித்திறன் அ, வெட்டுத்துண்டு ச. ரெண்டும் தெரியாதெண்டா ரெண்டு கீறலும் நேர்கோடா வராது, லேசா வளைஞ்சு நிக்கும், அதை வலுக்கட்டாயமா நேர்கோடு எண்டு கீறுற பிள்ளையளையும் பார்த்திருக்கிறன். அந்த வளைவைக் கண்டா நிப்பாட்டிட்டு, எது பூச்சியம் எண்டு நினைச்சது பிழை எண்டு யோசியுங்க.

நேரச் செலவும் இருக்கு, அட்டவணை போட்டு, அளவுத்திட்டம் தெரிஞ்சு, கோடு கீறி முடிய இருபது நிமிசம் போயிடும். துல்லியமான மூண்டு புள்ளி குடுத்த கணக்குக்கு இதைச் செய்யாதீங்க.

## போன், கம்ப்யூட்டர்

டெஸ்மொஸ் எண்ட வரைபு கீறுற இணையத்தளத்தில புள்ளியளை அட்டவணையாப் போட்டு, சமன் குறிக்குப் பதிலா அலைக்குறி (~) போட்டு எங்கட பொது வடிவத்தை எழுதினா அ, க, ச மூண்டையும் தானே தரும். ஜியோஜிப்ராவிலயும் செய்யலாம். ஒரு இடத்தில மாட்டும்: தேடிக்கொண்டு போகேக்குள்ள 'க' ஆகச் சின்ன எக்ஸ் பெறுமானத்தை விடக் கூடிட்டா உள்ளுக்கு மைனஸ் வந்திடும், விடை வராது, இல்லாட்டி விசர்த்தனமான ஒண்டு வரும். க இந்த எண்ணுக்குக் கீழதான் எண்டு ஒரு கட்டுப்பாட்டைப் பக்கத்தில எழுதி விட்டா சரியாகும்.

எக்ஸெல் மட்டும் இருக்கிறவங்களுக்கு: அதின்ட போக்குக் கோட்டில இடம் நகர்ந்த வர்க்கமூலம் எண்டு ஒண்டு இல்ல. அடுக்குச் சார்பு (Power) இருக்கு, ஆனா அது கவும் சவும் பூச்சியமா இருந்தாத்தான் உதவும், அடுக்கு 0.5 க்குக் கிட்ட வந்தா வர்க்கமூலம்தான் எண்டு நம்பலாம். நகர்ந்த வளையி எண்டா எக்ஸையும் வையையும் இடம் மாத்திப் போட்டு இருபடிப் போக்குக் கோடு எடுங்க, மேல செஞ்ச படுத்த பரவளைவு அப்பிடியே வரும், பிறகு வர்க்க நிரப்பல் கையால.

விடை சரிபார்க்கிறதுக்கும், அளந்த தரவு கனக்க இருக்கிற புரொஜெக்ட் வேலைக்கும் இது நல்லம். படிக்கிற காலத்தில முதல் வழியாவே இதைப் பிடிக்கிற பிள்ளைக்கு, மேல சொன்ன கீழ்ப்பாதி, வெட்டுப்பட்ட தொடக்கம் ஒண்டும் கண்ணில படாது. அதுதான் எனக்குக் கவலை.

## பக்கத்தில பக்கத்தில வச்சா

| வழி | என்ன வேணும் | எப்ப நல்லம் | எங்க ஏமாத்தும் |
|---|---|---|---|
| தொடக்கம் + ஒரு புள்ளி | உண்மையான (க, ச) | கேள்வியில எழுதியிருந்தா, வளையி நிமிர்ந்து எழும்பினா | வெட்டுப்பட்ட படம் |
| ஆட்சி அல்லது வீச்சு + ரெண்டு புள்ளி | க அல்லது ச | சொல்லில ஒளிச்சு வச்ச கணக்கு | ஆட்சியே வெட்டின ஆட்சியா இருந்தா |
| மூண்டு புள்ளி, வர்க்கிக்கிறது | துல்லியமான மூண்டு புள்ளி | தொடக்கம் தெரியாட்டி | கீழ்ப்பாதிப் புள்ளி, சின்ன வாசிப்புப் பிழை |
| நேர்கோடாக்கிறது | கன புள்ளி, க அல்லது ச பூச்சியம் | அளந்த தரவு | க, ச ஒண்டுமே பூச்சியம் இல்லாட்டி |
| கம்ப்யூட்டர் | நாலுக்கு மேல புள்ளி | சரிபார்க்க, புரொஜெக்ட் | உள்ளுக்கு மைனஸ் வந்தா |

ரெண்டாவது வரியில கடைசிக் கட்டத்தைக் கவனியுங்க. தம்பியின்ட கணக்கில "எக்ஸ் ≥ 0" எண்டு இருந்தது, அதை ஆட்சி எண்டு எடுத்து க = 0 போட்டாலும் அதே பிழைதான் வரும். கேள்வி எழுதினவர் சார்பின்ட முழு ஆட்சியைச் சொல்லுறாரா, இல்ல இந்தத் துண்டை மட்டும் கீறுங்க எண்டு சொல்லுறாரா எண்டு சொல்லைப் பார்த்துப் பிடிக்க வேணும், பிடிபடாட்டி மூண்டாவது புள்ளி சொல்லும்.

மூண்டு புள்ளி துல்லியமாக் குடுத்திருந்து, தொடக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சந்தேகம் இருந்தாலும், நான் எண்டா வர்க்கிக்கிற வழியாலதான் போவன். ரெண்டு நிமிசம் கூடப் போகும், ஆனா தொடக்கத்தை நம்பி ஏற வேண்டிய தேவை இல்ல, அது தானாவே வெளியில வரும். கட்டத்தாளில வாசிச்ச புள்ளி எண்டா இதுக்கு எதிர்மாறு, தொடக்கம் தெரிஞ்சா அதையே பிடிச்சுக்கொண்டு, தூரத்தில ஒரு புள்ளியை எடுத்து 'அ' கண்டு, நடுவில ஒரு புள்ளியை வச்சுச் சரிபார்க்கிறதுதான் உறுதி.

நேத்துப் பின்னேரம் தம்பி மற்றொரு வரைபோட வந்தார், இடப்பக்கமாப் போறது, படத்தின்ட வலது ஓரத்தில (3, 1) இல தொடங்கின மாதிரித் தெரியுது, பிறகு (0, 3), (−5, 5). கொப்பியின்ட ஓரத்தில பென்சிலால சின்னதா எழுதியிருந்தார்: "3 இல நிமிர்ந்து நிக்கேல்ல, இன்னும் போகும்." அதுக்குக் கீழ வித்தியாசம் எடுத்து, தொடக்கம் (4, −1) எண்டு சரியாக் கண்டுபிடிச்சிருந்தார்.